நாள்பட்ட சோர்வுக்குக் கொரிய மருத்துவம்: ஆய்வுகள் எதைச் சோதித்தன, எதை விட்டுவிட்டன?

'கொரியப் பாரம்பரிய மூலிகை நாள்பட்ட சோர்வைப் போக்குவது ஆய்வில் நிரூபணம்' என்பது போன்ற தலைப்புகள் கொரோனாவுக்குப் பிறகு அடிக்கடி கண்ணில் படுகின்றன. சிவப்பு ஜின்செங் என்ற வேர் மருந்தை விற்பவர்களும் அந்த ஆய்வுகளைத்தான் காட்டுகிறார்கள். ஆய்வுகள் பொய் இல்லை. தென் கொரியாவின் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து முறையாக நடத்தப்பட்டவைதான். ஆனால் அவை சோதித்தது ஒரு குறிப்பிட்ட வகைச் சோர்வை, ஒரு குறிப்பிட்ட சாற்றை, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். தலைப்போ எல்லாச் சோர்வையும் எல்லாக் கஷாயத்தையும் சேர்த்துப் பேசிவிடுகிறது. இடையில் என்ன நழுவுகிறது என்று தெரிய, முதலில் சோர்வையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

## மூன்று சோர்வுகள்

1. காரணம் தெரிந்த சோர்வு. இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகளின் பக்கவிளைவு என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். அதைச் சரிசெய்தால் சோர்வும் பெரும்பாலும் குறையும்.

2. காரணம் தெரியாத நாள்பட்ட சோர்வு. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும். பரிசோதனைகளில் எதுவும் சிக்காது. ஆனால் அடுத்த வகைக்கான நிபந்தனைகளும் பொருந்தாது.

3. நாள்பட்ட சோர்வு நோய்க்குறி. இது தனி நோய். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சார்ந்த குழு 1994இல் வகுத்த வரையறைப்படி, ஆறு மாதச் சோர்வோடு எட்டு அறிகுறிகளில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். நினைவாற்றல் அல்லது கவனக் குறைவு, தொண்டை வலி, நெறிக்கட்டு வலி, தசை வலி, பல மூட்டுகளில் வலி, புதுவகைத் தலைவலி, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, உழைத்தபின் 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் சரிவு ஆகியவை அந்த எட்டு.

2015இல் அமெரிக்காவில் இந்த வரையறை மாறியது. எட்டில் எந்த நான்கும் போதும் என்பது போய், உழைப்புக்குப் பின் வரும் சரிவும் தெளிவில்லாத தூக்கமும் கட்டாயம் ஆயின. அவற்றோடு சிந்தனைக் குழப்பமோ, எழுந்து நின்றால் தலைசுற்றல், படபடப்பு வருவதோ ஒன்றாவது இருக்க வேண்டும்.

உழைப்புக்குப் பின் சரிவு என்பதைச் சாதாரண அசதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குளித்துத் தலை துவட்டியதற்கு, அரை மணி நேரம் போனில் பேசியதற்கு, மறுநாளோ அதற்கு மறுநாளோ படுக்கையை விட்டு எழ முடியாமல் போவதுதான் இது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் அமைப்பு 2021இல் இந்த நோயாளிகளுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைக் கைவிட்டதற்கும் இதுவே காரணம்.

கொரிய ஆய்வுகளில் சில இரண்டாம் வகையினரை மட்டும் சேர்த்தன. சில இரண்டாம், மூன்றாம் வகையினரை ஒன்றாகச் சேர்த்தன. மூன்றாம் வகையினரை மட்டும் சேர்த்த ஆய்வு 1994 வரையறையை வைத்து ஆள் எடுத்திருந்தால், உழைப்புக்குப் பின் சரிவு இல்லாதவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். எந்த முடிவையும் படிக்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## கொரியாவில் இந்த மருத்துவம் எங்கே நிற்கிறது

தென் கொரியாவில் அலோபதி மருத்துவர், கொரிய மருத்துவர், பல் மருத்துவர் ஆகிய மூவருக்கும் தனித்தனி உரிமம். அலோபதியும் கொரிய மருத்துவமும் இணையாக இயங்கும் இந்த இரட்டை ஏற்பாட்டுக்கு 1951இல் வந்த சட்டம் வழி செய்தது. கொரிய மருத்துவம் ஆறாண்டுப் படிப்பு. 11 தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தில் கொரிய மருத்துவப் பள்ளி ஒன்றும் இருக்கிறது. ஆய்வுக்கென்றே ஓர் அரசு நிறுவனம் 1994இல் தொடங்கப்பட்டு, தேஜொன் நகரிலிருந்து இயங்குகிறது.

மூல நூலாகக் கருதப்படுவது அரச வைத்தியர் ஹொ ஜுன் தொகுத்த 'தொங்யி போகாம்'. 1596இல் மன்னர் சொஞ்சோ பணித்தார். ஜப்பானியப் படையெடுப்பால் வேலை இழுத்தது. 1610இல் முடிந்து 1613இல் 25 தொகுதிகளாக அச்சேறியது. 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

தேசிய மருத்துவக் காப்பீடு கொரிய மருத்துவத்தை 1987 முதல் ஏற்கிறது. ஆனால் எல்லாவற்றையும் இல்லை. அக்குபங்சருக்கு உண்டு, 56 வகைத் தூள்மருந்துக் கலவைகளுக்கு உண்டு, 2019 ஏப்ரல் முதல் சூனா என்ற எலும்பு-மூட்டு இயக்கச் சிகிச்சைக்கும் உண்டு. கிளினிக்கில் காய்ச்சித் தரும் கஷாயத்துக்கு நெடுங்காலம் இல்லை. 2020 நவம்பரில் முகவாதம், பக்கவாதத்தின் பின்விளைவுகள், மாதவிடாய் வலி என்ற மூன்றுக்கு மட்டும் சோதனை முறையில் திறந்தார்கள். 2024 ஏப்ரலில் ஒவ்வாமை மூக்கழற்சி, செரிமானக் கோளாறு, இடுப்பு டிஸ்க் விலகல் ஆகியவை சேர்ந்தன. அலோபதி மருத்துவர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. 2020 ஆகஸ்டு வேலைநிறுத்தத்துக்கு அவர்கள் சொன்ன நான்கு காரணங்களில் கஷாயக் காப்பீடும் ஒன்று.

நாள்பட்ட சோர்வு இந்தப் பட்டியலில் இரண்டு கட்டங்களிலும் இல்லை. சோர்வுக்குக் கஷாயம் வாங்குபவர் முழுத் தொகையையும் சொந்தப் பணத்தில்தான் கட்டுகிறார். ஆய்வு முடிவுகள் விளம்பரத்துக்குள் இவ்வளவு வேகமாகப் புகுந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

## சோர்வைக் கொரிய மருத்துவர்கள் பார்க்கும் விதம்

கொரிய மருத்துவத்தின் பழைய நூல்களில் இன்றைய நோய்ப்பெயர்கள் கிடையாது. உடலின் இயக்க ஆற்றலான 'கி' குறைந்ததா, இரத்தம் குறைந்ததா, குளிர்ச்சி தரும் பக்கம் வற்றியதா, வெப்பம் தரும் பக்கம் தணிந்ததா என்று பிரிப்பார்கள். நாடி, நாக்கு, குரல், பசி, வியர்வை, மலம் எல்லாம் பார்த்துத்தான் இந்த முடிவு. ஒரே அளவு சோர்வோடு வந்த இருவருக்கு இரு வேறு மருந்து கிடைப்பது அங்கே இயல்பு.

'கி' குறைவுச் சோர்வுக்குப் பெயர்பெற்ற கலவை போஜுங்-இக்கி-தாங். இதை வகுத்தவர் 13ஆம் நூற்றாண்டுச் சீன வைத்தியர் லி துங்யுவான். சாப்பாடு சரியில்லாமல், உழைப்பு மிஞ்சி, செரிமானம் கெட்டுப் படுத்தவர்களை மனத்தில் வைத்து அமைத்தார். கொரியாவில் வழங்கும் பழைய அளவு, ஒரு பொட்டலத்துக்கு இப்படி:

1. ஹ்வாங்கி வேர்: ஒன்றரை தோன் (5.6 கிராம்)
2. ஜின்செங், பெக்சுல் கிழங்கு, அதிமதுரம்: தலா ஒரு தோன் (3.75 கிராம்)
3. தாங்க்வி வேர், உலர்ந்த கமலா ஆரஞ்சுத் தோல்: தலா அரை தோன் (1.9 கிராம்)
4. சுங்மா வேர், சிஹோ வேர்: தலா 0.3 தோன் (1.1 கிராம்)

கூட்டினால் ஏறக்குறைய 23 கிராம். வழக்கமாக நாளைக்கு இரண்டு பொட்டலம். இன்றைய கிளினிக்குகளில் பல நாள் சரக்கை மொத்தமாக ஊறவைத்து, இயந்திரத்தில் மணிக்கணக்கில் காய்ச்சி, பிழிந்து, 100 முதல் 120 மில்லி பைகளில் சூடாக அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நோயாளி பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக் குடிப்பார்.

இந்தப் பட்டியலில் அதிமதுரத்தின் அளவைக் கவனித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பற்றிப் பேசும்போது அது மறுபடி வரும்.

## மூன்று ஆய்வுகள், கிட்டப்போய்

### 2013, ஜின்செங்

தேஜொன் பல்கலைக்கழகக் குழு நடத்தியது. சேர்ந்தவர்கள் 90 பேர், எல்லோரும் இரண்டாம் வகை. ஒரு குழுவுக்கு நாளைக்கு 1 கிராம் ஜின்செங் சாறு, இன்னொன்றுக்கு 2 கிராம், மூன்றாவதுக்குப் பிளசிபோ, அதாவது பார்க்க அதே மாதிரி இருந்தாலும் மருந்துச் சரக்கு இல்லாதது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. காலம் நான்கு வாரம்.

சோர்வை அளந்தது 11 கேள்விகள் கொண்ட தாள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண், மொத்தம் 99. இதில் ஏழு கேள்விகள் உடல் சோர்வு பற்றியவை. நான்கு, கவனம், நினைவு, வார்த்தை தடுமாறுதல் போன்ற மனச் சோர்வு (மேலே சொன்ன மனச்சோர்வு நோய் அல்ல, மூளைக் களைப்பு) பற்றியவை.

மொத்த மதிப்பெண்ணில் ஜின்செங் குழுக்களுக்கும் பிளசிபோ குழுவுக்கும் இருந்த வேறுபாடு தற்செயலைத் தாண்டவில்லை. மனச் சோர்வு மதிப்பெண்ணில் தாண்டியது. 2 கிராம் குழுவில் சராசரி 20.7இலிருந்து 13.8க்கும், 1 கிராம் குழுவில் 20.4இலிருந்து 15.1க்கும், பிளசிபோ குழுவில் 20.9இலிருந்து 18.8க்கும் இறங்கின. 36க்கு எடுத்த மதிப்பெண்கள் இவை. பிளசிபோவில் கிடைத்த 2 புள்ளிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 2 கிராம் ஜின்செங் தனியாகச் செய்தது 5 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. பொருட்படுத்த வேண்டிய அளவுதான். இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது ஆக்சிஜன் சார்ந்த வேதிப்பொருட்கள் செல்களுக்குச் செய்யும் சேதத்தை, காட்டும் சில அளவுகளும் குறைந்தன.

ஆகவே 'ஜின்செங் சோர்வைப் போக்கியது' என்று எழுதுவது தவறு. 'காரணம் தெரியாத நாள்பட்ட சோர்வு உள்ளவர்களுக்கு, நான்கு வாரத்தில், மனச் சோர்வு மதிப்பெண் குறைந்தது' என்பதுதான் சரி. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு இது பொருந்துமா என்று இந்த ஆய்வைக் கேட்டுப் பயனில்லை. அப்படிப்பட்டவர் அதில் சேர்க்கப்படவே இல்லை.

### 2019, மயலோஃபில்

ஹ்வாங்கி வேர், தான்சாம் வேர் இரண்டையும் எரிசாராயத்தில் இறக்கிய சாற்றுக்கு இந்தப் பெயர். இதுவும் தேஜொன் குழுவின் தயாரிப்பு. 2009இல் 36 பேரிடம் நான்கு வாரம் முன்னோட்டம் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 97 பேர். இம்முறை நாள்பட்ட சோர்வு நோய்க்குறி உள்ளவர்கள். நாளைக்கு 2 கிராம், 12 வாரம்.

முழு 97 பேரையும் எடுத்தால் பிளசிபோவைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் தற்செயல் எல்லைக்குள்தான். பிறகு, தொடக்கத்தில் 99க்கு 63 அல்லது அதற்கு மேல் சோர்வு இருந்த 53 பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அங்கே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

இந்த 53 பேரை எவ்வளவு நம்பலாம்? இதில் இரண்டு பக்கம் இருக்கிறது.

1. நம்ப ஒரு காரணம்: சோர்வு லேசாக இருப்பவரிடம் குறைவதற்கு இடம் அதிகம் இல்லை. கடுமையாக இருப்பவரிடம்தான் மருந்தின் வேலை தெரியும். மேலும், கடுமையான நிலையில் இருப்பவர்கள் எப்படியும் கொஞ்சம் தானாகத் தேறுவார்கள் என்ற வாதம் பிளசிபோ குழுவுக்கும் பொருந்துவதால், அதை வைத்து மட்டும் இந்த வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது.

2. தயங்க ஒரு காரணம்: பாதியாகப் பிரித்தபின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 26 பேர்தான் மிஞ்சுகிறார்கள். வயது, பால், கடுமை என்று பல விதமாகப் பிரித்துப் பார்த்தால் ஏதோ ஒரு பிரிவில் நல்ல முடிவு தற்செயலாகவே விழும்.

இப்படிப்பட்ட முடிவு ஒரு கேள்வியை எழுப்பும். அதற்குப் பதில் ஆகாது. கடுமையான நோயாளிகளை மட்டும் புதிதாகச் சேர்த்து, அந்த எல்லையை முன்கூட்டியே அறிவித்து, மறுபடி நடத்தினால்தான் பதில் வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2013இல் ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறைந்ததே ஜின்செங் வேலை செய்யும் வழி என்று விளக்கப்பட்டது. 2019 ஆய்வில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அளவுகளும் அழற்சியோடு தொடர்புள்ள சைட்டோகைன் புரதங்களின் அளவுகளும் மாறவில்லை. மருந்து வேறு, நோயாளிகளும் வேறு என்பது உண்மை. ஆனாலும் 'மூலிகை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதால் சோர்வு தீர்கிறது' என்ற விளம்பர வாக்கியத்துக்கு இந்த நோயில் ஆதாரம் இன்னும் உறுதியாகவில்லை.

### 2015, அக்குபங்சர்

நான்கு மருத்துவமனைகள், 150 பேர், மூன்று குழுக்கள். ஒன்றுக்கு வழக்கமான உடல் அக்குபங்சர். ஒன்றுக்குச் சாஆம் முறை. இது கொரியாவின் பழைய ஜோசொன் அரச வம்சக் காலத்துத் துறவி ஒருவரின் பெயரில் வழங்கும் கொரியாவுக்கே உரிய முறை; முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் உள்ள புள்ளிகளை ஐம்பூதக் கணக்குப்படி தேர்ந்தெடுப்பார்கள். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நான்கு வாரத்தில் பத்து முறை ஊசி. நோயாளிகளில் இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் கலந்திருந்தார்கள்.

ஐந்தாம் வாரத்தில் சோர்வுக் கடுமை மதிப்பெண்ணில் உடல் அக்குபங்சர் குழு, ஊசி பெறாத குழுவைவிட நன்றாக இருந்தது. ஆனால் தங்களுக்கு ஊசி போடப்படுகிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு மருத்துவர் அருகில் உட்கார்ந்து கவனிப்பதே ஒரு பலன் தரும். ஊசியின் பலன் எது, கவனிப்பின் பலன் எது என்று இந்த ஆய்வு பிரித்துக் காட்டாது.

இதில் சொல்லப்படாத வடிகட்டலும் ஒன்று நடக்கிறது. நான்கு வாரத்தில் பத்து முறை மருத்துவமனைக்குப் போய்வர முடிகிறவர்தான் இந்த ஆய்வில் இருக்க முடியும். உழைப்புக்குப் பின் சரிவு கடுமையாக உள்ளவருக்கு அந்தப் பயணமே நோயை முற்றச் செய்யும். மருந்து ஆய்வுகளில் பயன்பட்ட 11 கேள்வித் தாளிலும், உழைத்த மறுநாள் என்ன ஆகிறது என்று கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. இந்த நோயின் மைய அறிகுறியே அளக்கப்படாமல் போகிறது. இந்தத் துறையின் ஆகப் பெரிய குறை என்று கருத வேண்டியது இதைத்தான்.

## சோதிப்பது ஏன் இவ்வளவு கடினம்

1. சுவையும் மணமும். கஷாயத்துக்குப் பிளசிபோ செய்வது பெரும்பாடு. கசப்பு, மணம், நிறம், அடியில் தங்கும் வண்டல் எல்லாம் பொருந்த வேண்டும். அதனால்தான் ஆய்வுகள் பெரும்பாலும் மாத்திரை, காப்ஸ்யூல் பக்கம் போகின்றன.

2. ஊசிக்குப் பிளசிபோ. கொரியரான பார்க் ஜோங்-பே வடிவமைத்த பார்க் கருவி இதற்கெனவே வந்தது. மழுங்கிய ஊசி தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் ஏறிக்கொள்ளும். குத்தியது போலவே தெரியும். ஆனால் தொடுவதும் அழுத்துவதும்கூட உடலில் ஏதோ செய்யலாம் என்பதால், இதை ஒன்றுமே செய்யாத சிகிச்சை என்று எடுத்துக்கொள்வதில் கருத்து வேறுபாடு உண்டு.

3. ஆளுக்கொரு மருந்து. கிளினிக்கில் நாடி பார்த்து ஆளுக்கேற்பக் கலவையை மாற்றுகிறார்கள். ஆய்வில் எல்லோருக்கும் ஒரே சாறு. ஆய்வு தோற்றால், 'தவறான ஆளுக்குக் கொடுத்தீர்கள்' என்று சொல்ல இடம் இருக்கிறது. வென்றாலும், கிளினிக்கில் கிடைக்கும் வேறொரு கலவைக்கு அந்த வெற்றி தானாகப் போய்ச்சேராது. இருவர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே வகை என்று சொல்கிறார்களா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். நாக்குப் படம், நாடிக் கருவி, தரப்படுத்திய கேள்வித்தாள் என்று அரசு ஆய்வு நிறுவனம் இவ்வளவு உழைப்பதற்கு இதுதான் காரணம்.

## ஆய்வில் இருந்த சாறும் கையில் இருக்கும் பையும்

மூலிகையின் பெயர் ஒன்றாக இருந்தால் செடியும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். போஜுங்-இக்கி-தாங்கில் உள்ள தாங்க்வியை எடுத்துக்கொண்டால், கொரியா, சீனா, ஜப்பான் மூன்றிலும் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் செடிகள் மூன்றும் ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்கள். கொரியத் தாங்க்வியில் டெக்கர்சின் என்ற பொருள் நிறைய இருக்கும். சீனத் தாங்க்வியில் அதற்குப் பதிலாக லிகஸ்டிலைடு முன்னால் நிற்கும். ஜப்பானில் இந்தக் கலவையை வைத்து நடந்த ஆய்வை அப்படியே கொரியக் கஷாயத்துக்கு மேற்கோள் காட்ட முடியாது.

ஜின்செங்கிலும் பதப்படுத்தும் முறை வேதியியலையே மாற்றிவிடும். தோண்டிய வேரை உலர்த்தினால் வெள்ளை ஜின்செங். ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் சிவப்பு. வெப்பத்தில் ஜின்செங்கின் முக்கியச் செயற்பொருட்களான ஜின்செனோசைடுகளில் சில உடைந்து, பச்சை வேரில் ஏறக்குறைய இல்லாத ஆர்ஜி3 போன்றவை உருவாகின்றன. கொரிய அரசு சிவப்பு ஜின்செங்குக்குச் 'சோர்வைக் குறைக்க உதவலாம்' என்ற வாசகத்தை அனுமதித்திருக்கிறது. ஆர்ஜி1, ஆர்பி1, ஆர்ஜி3 மூன்றும் சேர்ந்து நாளைக்கு 3 முதல் 80 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அது உணவுப் பொருளுக்கான வாசகம், நோய்க்கான மருந்து அனுமதி கிடையாது. 3க்கும் 80க்கும் இடையே இருபத்தாறு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாங்குபவர் பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் இந்தக் கூட்டுத்தொகை எத்தனை மில்லிகிராம் என்று தேடுவது நல்லது.

செடியே மாறிப்போனதும் நடந்திருக்கிறது. 2015இல் கொரிய நுகர்வோர் முகமை, மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களிடம் மிகப் பிரபலமாக இருந்த பெக்சுஓ வேர்ப் பொருட்களைச் சோதித்தது. 32 பொருட்களில் உண்மையான பெக்சுஓ மட்டும் இருந்தது மூன்றில்தான். தோற்றத்தில் ஒத்த, சீக்கிரம் வளரும், விலை குறைந்த வேறொரு வேர் பலவற்றில் கலந்திருந்தது. உலர்ந்து நறுக்கிய வேரைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். மரபணுச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

மருந்தாக விற்கும் மூலிகைச் சரக்குக்கு 2015 முதல் தர உற்பத்தி விதிகள் கட்டாயம். ஈயம் 5, ஆர்செனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 0.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற பொது எல்லைகளும் உண்டு. ஆனால் இந்தக் கட்டுப்பாடு சரக்கு வரைதான். அதை வாங்கிக் கிளினிக் காய்ச்சும் பையில் எந்தப் பொருள் எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் அளப்பதில்லை. ஆய்வுக்கான சாறு மட்டும்தான் குறியீட்டுப் பொருள், அதாவது தரத்தைக் காட்டும் வேதிப்பொருள், அளவிடப்பட்டு வருகிறது.

## மற்ற நோய்கள், சுருக்கமாக

முகவாதத்துக்குக் கொரியாவில் அக்குபங்சருக்குப் போவது மிகச் சகஜம். இதில் ஒரு பொறி இருக்கிறது. காரணம் தெரியாமல் வரும் முகவாதத்தில் பத்தில் ஏழு பேர் சிகிச்சையே இல்லாமல் முழுதாகக் குணமாகிறார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் '80 சதவீதம் பேர் குணம்' என்று யார் சொன்னாலும் அதற்கு அதிக மதிப்பு இல்லை. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவது நிரூபணமான சிகிச்சை. ஊசியை அதற்குக் கூடுதலாக வைக்கலாம். அதற்குப் பதிலாக வைத்து நாளைக் கடத்தக் கூடாது.

ஹ்வாப்யோங் என்பது அடக்கிவைத்த கோபமும் மனக்குறையும் நெஞ்சு அடைப்பாக, மேலேறும் சூடாக, தொண்டையில் ஏதோ முட்டுவதாக வெளிப்படும் நிலை. 1994இல் அமெரிக்க மனநலக் கையேட்டின் பின்னிணைப்பிலேயே இது இடம்பெற்றது. நோயாளி சொல்லும் அறிகுறிகளுக்கும் பாரம்பரிய வகைப்பாட்டுக்கும் இங்கே நல்ல பொருத்தம் இருப்பதால், ஆய்வுக்குத் தோதான களம் இது.

## ஆபத்து எங்கே வருகிறது

அதிமதுரம். மேலே பார்த்த பழைய அளவில் ஒரு பொட்டலத்துக்கு 3.75 கிராம், இரண்டு பொட்டலம் என்றால் 7.5 கிராம். நாளைக்கு 2.5 கிராமும் அதற்கு மேலும் அதிமதுரம் உள்ள மருந்துகளைப் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்பது ஜப்பானின் விதி. அங்கே விற்கும் இதே கலவையில் அதிமதுரம் 1.5 கிராம்தான். இதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை பலமிழக்கும். சோர்வுக்கு மருந்து சாப்பிட்டவருக்குச் சோர்வு கூடினால், நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கஷாயம் கொடுக்கும் அபாயம் இங்கே இருக்கிறது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, இதய மருந்தான டைகாக்சின் சாப்பிடுபவர்களுக்கு இரட்டை எச்சரிக்கை. நம் வீட்டு அதிமதுரத்துக்கும் இதே கணக்குதான்.

தான்சாமும் வார்ஃபரினும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் தான்சாம் உள்ள மருந்தை எடுத்தால் இரத்தக்கசிவு வரலாம். ஜின்செங் எதிர்ப்பக்கமாக, வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடும்.

கல்லீரல். கொரிய மருத்துவமனைகள் பத்தில் உள்நோயாளிகள் 1,001 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூலிகையால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டவர்கள் 6 பேர், அதாவது 0.6 சதவீதம். குறைவுதான். ஆனால் அது மருத்துவமனைக்குள், தரம் தெரிந்த சரக்கோடு, இரத்தச் சோதனையோடு கிடைத்த எண். இணையத்தில் வாங்கி வீட்டில் காய்ச்சிக் குடிப்பவருக்கு இதைப் பொருத்த முடியாது.

செடி மாறிப்போதல். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைக்கும் மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி நுழைந்துவிட்டது. பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

தேனீ விஷ ஊசி. வலிக்குப் பயன்படும் இதில் ஒவ்வாமை அதிர்ச்சி திடீரென வரும். 2018இல் பூச்சொன் நகரில் முதுகு வலிக்கு இதைப் போட்டுக்கொண்ட ஆசிரியை ஒருவர் இறந்தார். தோலில் சோதனை ஊசியும் கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலினும் இல்லாத இடத்தில் இதைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

## கஷாயத்துக்கு முன்

ஆறு மாதமாகச் சோர்வு என்றால், எந்த மருத்துவ முறைக்குப் போவதாக இருந்தாலும் வரிசை இதுதான்:

1. முழு இரத்த எண்ணிக்கை, ஃபெர்ரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு டிஎஸ்எச், சர்க்கரை, கல்லீரல், சிறுநீரக அளவுகள், சிறுநீர்ச் சோதனை. குறட்டை இருந்தால் தூக்கச் சோதனை.

2. இரண்டு வாரம் ஒரு நோட்டில், அன்று செய்த வேலையையும் அடுத்த இரண்டு நாள் நிலையையும் அருகருகே எழுதுதல். சரிவு ஒருநாள் தள்ளி வருவது இதில்தான் பிடிபடும். மருத்துவருக்கு இந்த நோட்டு எந்த மதிப்பெண் தாளையும்விட உதவும்.

3. கஷாயம் தொடங்கினால், ஒவ்வொரு சரக்கின் பெயரையும் கிராம் அளவையும் எழுத்தில் வாங்குதல். அலோபதி மாத்திரைகளின் பட்டியலைக் கொரிய மருத்துவரிடமும், சரக்குப் பட்டியலை அலோபதி மருத்துவரிடமும் கொடுத்தல்.

4. தொடங்கும் முன்னும், தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள்ளும் கல்லீரல் அளவுகள், பொட்டாசியம், இரத்த அழுத்தம் பார்த்தல்.

5. எப்போது நிறுத்துவது என்று தொடங்கும்போதே முடிவுசெய்தல். ஜின்செங் ஆய்வு 4 வாரம், மயலோஃபில் ஆய்வு 12 வாரம். அந்தக் காலத்துக்குள் நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால், அதற்கு மேலும் அதே மருந்துக்குப் பணம் கட்ட இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அடர்ந்த நிறச் சிறுநீர், கண் மஞ்சள், கால் வீக்கம், தசை பலவீனம், தோல் தடிப்பு எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, சரக்குப் பட்டியலோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.